சின்னவனின் நிறம்

அன்புள்ள பெரியவளுக்கு, அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் பேனாவை எடுத்தேன். இங்கே நாங்கள் இரண்டு பேரும் வேளைக்குச் சாப்பிடுகிறோம், படுக்கிறோம், எழுந்திருக்கிறோம், அந்த அளவுக்கு நலம் என்று வைத்துக்கொள். கையில் போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று பதறாதே. போனில் பேசினால் உன் அப்பா ஸ்பீக்கரைப் போடச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், மெயிலைத் திறப்பதும் அவர்தான், மெசேஜ் வந்தால் யார் என்று முதலில் எட்டிப் பார்ப்பதும் அவர்தான். அதனால் லாரி ஆபீசில் சாப்பாட்டு நேரத்தில் பில் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள், பேனா பிடித்தே வெகு நாளாயிற்று.

வீட்டுக்கு எந்த மானிட்டர் வாங்கலாம் என்று முடிவாகச் சொல்லச் சொல்லி நீ கேட்டுக்கொண்டே இருக்கிறாய், நானும் இதோ அதோ என்று இழுத்துக்கொண்டே இருக்கிறேன். உனக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். முதலில் நீ சொன்னபடியே ஒன்று வாங்கினோம், இருபத்தேழு அங்குலம், ஜன்னல் வெளிச்சம் பட்டால் கண்ணாடி மாதிரி மின்னாத திரை, ஏற்றி இறக்குகிற ஸ்டாண்ட், எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் நிறம் மாறாத வகை. எனக்கு அது சொர்க்கம். பழையதற்கு அடியில் தடித்த ரெஜிஸ்டர்களை அடுக்கி உயரம் கொடுத்துக் கழுத்து பிடித்துக்கொண்டு கிடந்தவளுக்கு, ஆபீசுக்காக வீட்டில் உட்கார்ந்து போடுகிற பில்லில் இருக்கிற எண்ணெல்லாம் எறும்பு மாதிரி இல்லாமல் எழுத்தாகத் தெரிந்தது. உன் அப்பாவோ அன்று சாயங்காலமே ஸ்டூடியோக்காரர்கள் நிறம் திருத்தக் கொடுத்த கல்யாண போட்டோ ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டு, "இது மஞ்சளடிக்குது, பழசை விட மோசம்" என்று பெட்டியில் போட்டுக் கட்டிவிட்டார். திருப்பிக் கொடுத்து, போட்டோ வேலைக்கென்றே செய்கிற வேறொன்றை வாங்கி வந்தோம். அதுவும் மஞ்சள் என்றார். மூக்குக்கு மேல் வருகிற கோபம் உனக்குத் தெரியுமே, திரையில் இருக்கிற பொத்தானையெல்லாம் ஒரு வாரம் திருகி, நான் உட்கார்ந்தால் பில் பேப்பரே ஊதாவாகத் தெரிகிற அளவுக்குக் கொண்டு வந்து விட்டார். அதையும் திருப்பிக் கொடுக்க நானும் கூடப் போனேன்.

கடையில் ஒரு பெண் இருக்கிறாள், குட்டையாக, கழுத்தில் அளவு நாடா மாதிரி ஒயரைத் தொங்கவிட்டுக்கொண்டு. பொறுமைசாலி. திரையில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, அதன்மேல் ஒரு சின்னக் கருவியை ஒட்டி வைத்தாள். திரை காட்டுகிற நிறம் சரியா தப்பா என்று அது அளந்து சொல்லுமாம். சரி என்றுதான் சொன்னது. உன் அப்பா, "மிஷினு பொய் சொல்லும், இருபது வருஷமா இதே வேலை பார்க்கிற கண்ணு பொய் சொல்லாது" என்று ஒற்றைக்காலில் நின்றார். அவள் குரலை உயர்த்தவே இல்லை, "சார், ஒரு கண்ண மூடிப் பாருங்க, அப்புறம் இன்னொண்ண மூடிப் பாருங்க" என்றாள். இவர் இடது கண்ணை மூடினார், பிறகு வலது கண்ணை மூடினார், திரும்ப இடதை மூடினார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கண்ணுக்கு ஒரு வெள்ளை, இன்னொரு கண்ணுக்கு வேறு வெள்ளை தெரிந்திருக்கிறது, அந்த முகமே சொல்லிவிட்டது. கையை இறக்கிவிட்டு, "கடையில லைட்டு சரியில்ல" என்று சொல்லி விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்.

அப்புறம்தான் ஒவ்வொன்றாக எனக்கு உறைத்தது. வெள்ளைச் சட்டையை நான் சரியாகத் துவைக்கவில்லை, மஞ்சள் ஏறிவிட்டது என்று எத்தனை சண்டை. போன வருஷம்தான் அடித்த சுவர், பெயின்டர் மட்டமான சுண்ணாம்பை அடித்து ஏமாற்றிவிட்டான் என்று அந்த ஆளைத் தெருவில் நிற்கவைத்துத் திட்டினார். பாலில் ஏதோ கலந்திருக்கிறது என்றார். இந்த மனுஷனுக்கு வீட்டில் இருக்கிற எதைக் கண்டாலும் பிடிக்காமல் போய்விட்டது, சின்னவன் போனதிலிருந்து இப்படித்தான் என்று நானும் காதில் வாங்காமல் விட்டுவிட்டேன். வெளி ஸ்டூடியோக்காரர்கள் வேலை கொடுப்பதைக் குறைத்துக்கொண்டதும் அதனால்தான் போலிருக்கிறது. ஒரு கல்யாண ஆல்பம் அப்படியே திரும்பி வந்தது, பெண்ணும் மாப்பிள்ளையும் குளிரில் விறைத்தவர்கள் மாதிரி இருந்தார்கள். அச்சு போட்டவன் கெடுத்துவிட்டான் என்று இவர் சொன்னதை நானும் நம்பினேன்.

இனிமேல் எழுதப் போவதுதான் போனில் சொல்ல முடியாதது. சின்னவன் படத்தைப் பெரிதாக்கிக் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிறோம் என்று உனக்குத் தெரியும். அவன் நன்றாக இருந்த நாளில் நீ லீவுக்கு வந்திருந்தபோது மாடிப்படியில் உட்காரவைத்து உன் போனில் எடுத்தாயே, அரைக்கைச் சட்டை, வாய் நிறைய எதையோ மென்றுகொண்டு சிரிப்பானே, அந்தப் படம். அதைத்தான் உன் அப்பா ராப்பகலாகத் திருத்தினார். முகம் மஞ்சளாக இருக்கிறது, என் பிள்ளை இப்படி இல்லை என்று மஞ்சளை எடுத்துக்கொண்டே இருந்தார். எடுக்க எடுக்க அவன் நீலமாகிப் போனான். அச்சு போடுகிறவர், உன் அப்பாவோடு அவ்வளவு காலம் பழகியவர், "அண்ணே, இப்படியே போட்டுடவா" என்று இரண்டு தடவை கேட்டாராம், இவர் அவர்மேல் எரிந்து விழுந்திருக்கிறார். படம் வீட்டுக்கு வந்த அன்று மேல் காகிதத்தைப் பிரித்ததும் நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். அழுகை இல்லையடி. அந்த நிறத்தில் அவனை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். நெஞ்சில் சளி கட்டி மூச்சு விட முடியாமல் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தானே, எல்லாம் முடிந்து மூக்கிலிருந்து குழாயை எடுத்தார்களே, அப்போது உதடும் நகமும் இதே நிறம்தான். நீ வந்து சேர்வதற்குள் முகத்தைத் துடைத்து மூடிவிட்டார்கள், நீ அதைப் பார்க்கவில்லை, அந்த மட்டும் நல்லது. இப்போது நான் அடுப்படிக்குப் போகும்போதும் வரும்போதும் அது சுவரில் இருக்கிறது.

உனக்கும் அந்தப் படத்தை அனுப்பினாராம், நீயும் "நல்லா இருக்குப்பா" என்றாயாம். எனக்குச் சிரிப்புதான் வந்தது, என் வயிற்றில் பிறந்தவள்தானே நீ. நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கடைக்குப் போய் வந்த பிறகு, எனக்குக் கண்ணாடி மாற்றவேண்டும், துணைக்கு வாருங்கள் என்று சொல்லிக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். வந்தது வந்தோம், நீங்களும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள் என்று நாற்காலியில் உட்காரவைத்தேன். டாக்டரம்மா ரொம்ப நேரம் பார்த்தார். இரண்டு கண்ணிலும் புரை, வலது கண்ணில் நன்றாக முற்றிவிட்டது, பழுப்பேறிய கண்ணாடி வழியாகப் பார்க்கிற மாதிரிதான் இத்தனை நாளும் பார்த்திருக்கிறார், ஆபரேஷன் செய்தால் நிறமெல்லாம் பழையபடி தெரியும் என்றார். நல்ல செய்திதான், இல்லை என்று சொல்லவில்லை. உன் அப்பா வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரைப் பார்த்தபடியே நின்று, "சின்னவன் போட்டோ சரியாத்தானே இருக்கு" என்று கேட்டார். அந்தக் குரலை நீ கேட்டிருக்க வேண்டும், மார்க்குக் கேட்கிற பிள்ளை மாதிரி. "அச்சு அசலா அவனேதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். அதற்குப் பிறகுதான் ஆபரேஷனுக்குத் தலையாட்டினார். வருகிற மாதம் முதல் வாரத்தில் வலது கண்ணுக்கு.

என் பயம் என்ன என்று உனக்கு இப்போது புரிந்திருக்கும். கண் தெளிந்து வீட்டுக்குள் வருகிற மனுஷன் முதலில் பார்ப்பது அந்தச் சுவரைத்தான். தன் கையாலேயே பிள்ளைக்கு அந்த நிறத்தைப் பூசி மாட்டிவைத்தோம் என்று தெரிந்தால் அவர் தாங்கமாட்டார். அவரும்தானே ஆஸ்பத்திரியில் பார்த்தார். அசல் படம் இங்கே இல்லை. ஊரார் படத்தையெல்லாம் அசல் தனி, திருத்தியது தனி என்று கண்ணும் கருத்துமாக வைக்கிறவர், சொந்தப் பிள்ளை படத்தில், "தப்பான கலரு எதுக்கு" என்று பழையதன் மேலேயே பதிந்துவிட்டார். உன் போனில் அது இருக்கும், நீ அழித்திருக்கமாட்டாய். அதை வீட்டுக்கு அனுப்பாதே, இந்தத் தாளின் பின்பக்கத்தில் அச்சு போடுகிறவர் நம்பர் எழுதியிருக்கிறேன், நேராக அவருக்கே அனுப்பு. நான் பேசி வைத்துவிட்டேன், காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நல்லது செய்கிறேன் என்று நீ எதையும் திருத்தாதே. நெற்றியில் வேர்வை இருந்தால் இருக்கட்டும், உப்பின கன்னம் உப்பியபடியே இருக்கட்டும். அவரை ஆபரேஷனுக்கு உள்ளே கூட்டிப்போனதும் நான் வீட்டுக்கு ஓடிப்போய் மாற்றி மாட்டிவிட்டுத் திரும்பிவிடுவேன், ஆணிகூட அதே ஆணிதான். கழற்றுகிற படத்தை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. கிழிக்கக் கை வராது, அதுவும் அவன்தானே.

மானிட்டர் இப்போது வேண்டாம். பழையதே என் பில்லுக்குப் போதும், ரெஜிஸ்டர்கள் இருக்கவே இருக்கின்றன. கண் ஆறிய பிறகு அவரே கடைக்குப் போய் அந்தக் குட்டைப் பெண் முன்னால் நின்று தேர்ந்தெடுக்கட்டும். அவள் முகத்தில் விழிக்க வெட்கப்படுவார், பரவாயில்லை. நீ போனில் பேசும்போது ஆபரேஷனைப் பற்றி நீயாக வாயைத் திறக்காதே, அவர் சொன்னால் புதிதாகக் கேட்கிற மாதிரி கேட்டுக்கொள். இருமல் இருந்தால் குட்டியை உடனே டாக்டரிடம் காட்டு, சாதாரணச் சளிதானே என்று விட்டுவிடாதே, நாங்கள் விட்டது போதும். நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும், அதைத் தவிர எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். படத்தை மறந்துவிடாதே. அவர் கேட்டதற்கு நான் சொன்ன பதிலை, அவர் கண் திறப்பதற்குள் உண்மையாக்கிக் கொடு.

இப்படிக்கு,
உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா