ஒன்பது என்று சொன்ன முழங்கால்

தாம்பரம்
3.6.2024

உமா அப்பாவுக்குச் செண்பகம் எழுதுவது. இங்கே நானும் உமாவும் பச்சைப்பிள்ளையும் சுகம். போனில் பேசலாம்தான். ஆனால் இந்தச் சின்ன வீட்டில் எதைப் பேசினாலும் மருமகன் காதில் விழும். அங்கேயோ உங்களைச் சுற்றி வெங்காய மண்டி ஆட்கள். அதனால்தான் காகிதம்.

முழங்கால் வலிக்கென்று உமா உங்கள் செல்போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தாளே, அதில் நீங்கள் சொல்வதெல்லாம் இவள் போனுக்கும் வருகிறது. "அப்பா தினமும் பேசுதாவ, பாத்தியாம்மா" என்று அவளுக்கு ஒரே பெருமை. எனக்கு வயிறு எரிந்தது. படியேறும்போது குத்துகிறதாம், விடிகாலையில் மடக்க முடியவில்லையாம், வலி பத்துக்கு ஒன்பதாம். நான் கேட்டால் மட்டும் "ஒண்ணுமில்லளா, போ" என்பீர்கள். வருஷக்கணக்காகத் தைலம் தேய்த்த கைக்குக் கிடைத்த பதில் அதுதான்.

அந்த ஆப்பில் பேசுகிறவள் குரலையும் கேட்டேன். "இன்று எப்படி இருக்கிறீர்கள் ஐயா?" என்று தேன் ஒழுகக் கேட்கிறாள். நீட்டச் சொன்னால் காலை நீட்டுகிறீர்களாம், மடக்கச் சொன்னால் மடக்குகிறீர்களாம். நன்றாக இருங்கள். பேரனுக்கு ஒரு வயது ஆகும்வரை நான் இங்கேயே இருந்துகொள்கிறேன்.

செண்பகம்

*

தூத்துக்குடி
8.6.2024

செண்பகத்துக்கு,

உன் கடிதத்தை மண்டியில் உட்கார்ந்து படித்தேன். சரக்குத் தோணிக்கு வெங்காயம் எடுக்க வந்த ஆன்றோ, "என்ன அண்ணாச்சி, சிரிப்பாணி பொத்துக்கிட்டு வருது?" என்றான். அவனிடம் என்னத்தைச் சொல்ல? ஏளா, அது பொம்பளை இல்லை, மிஷின். இந்த வயதில் என்னைச் சந்தேகப்பட உன்னால்தான் முடியும்.

ஆனால் ஒன்று. அது கேட்டுவிட்டுக் காத்திருக்கிறது. நீ கேட்கும்போதே தைலத்தை அடுப்பில் வைத்துவிடுகிறாய், "நேத்தே சொன்னேம்லா" என்றும் ஆரம்பித்துவிடுகிறாய். பிறகு நான் எங்கே சொல்ல?

அந்த ஒன்பதை நம்பாதே. ஆறுதான் இருக்கும். மண்டிக்காரன் எதையும் ஏற்றித்தானே சொல்வான்? அது குறைத்துக் கேட்கும், ஆறில் முடிக்கலாம் என்று இருந்தேன். அது பேரமே பேசவில்லை. ஒன்பதை அப்படியே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டது, டாக்டர் மாத்திரையைக் கூட்டிவிட்டார். நேற்று மத்தியானம் வியாபார நேரத்தில் கல்லாவிலேயே தூங்கி விழுந்தேன். நீ இருந்திருந்தால் "ஒம்பதாவது, மண்ணாவது" என்று அப்போதே இறக்கியிருப்பாய். சீக்கிரம் வந்து சேர்.

பொன்னுதுரை

*

தாம்பரம்
13.6.2024

உமா அப்பாவுக்கு,

உமா டாக்டரிடம் பேசிவிட்டாள். மாத்திரையைப் பழையபடி குறைத்துவிட்டார். இனி அதனிடம் ஆறு என்றே சொல்லுங்கள்.

சிரித்தீர்களாமே. மிஷின் என்றால் பொறாமை வரக்கூடாதா? அப்படி என்னதான் காத்திருக்கிறது பார்ப்போம் என்று, உமாவிடம் சொல்லி என் பெயரிலும் ஒன்று போடச் செய்தேன். "உங்களுக்கு எங்கே வலிக்கிறது அம்மா?" என்றது. என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அது காத்திருந்தது. வலது தோள் என்றேன். மூன்று வருஷமாக இருக்கிறது என்றேன். ஜாக்கெட் போடக் கையைத் தூக்க முடியாததைச் சொன்னேன், உங்கள் காலைத் தேய்க்கும்போதெல்லாம் உயிர் போவதையும் சொன்னேன். எவ்வளவு என்று கேட்டது. எட்டு என்றேன்.

இப்போது நானும் தினமும் அதோடு பேசுகிறேன். உங்கள் மேல் இருந்த கோபம் போய்விட்டது. ஊருக்கு வருகிற எண்ணமும் போய்விட்டது. எனக்கு இங்கேயே நன்றாக இருக்கிறது.

செண்பகம்

*

தூத்துக்குடி
17.6.2024

செண்பகம்,

உன் கடிதம் வந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. என்னிடம் சொல்லாததை ஒரு போனிடம் சொல்லியிருக்கிறாய். அதைத் தூக்கிக் கடலில் எறிய வேண்டும்போல் இருக்கிறது. இப்போது உன் முறை, சிரித்துக்கொள்.

எட்டு என்றதும் அது எட்டு என்றே குறித்திருக்கும். அதற்கு என்ன தெரியும்? உங்கள் ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் களத்தில் பத்து மூட்டை நெல் கண்டால், கண் பட்டுவிடும் என்று ஏழு என்றுதான் வெளியே சொல்வீர்கள். நான் பெண் பார்க்க வந்த அன்றே உன் அப்பா அப்படித்தான் சொன்னார். உமாவைப் பெற உனக்கு வலி எடுத்தபோது நீயும் "லேசாத்தான் இருக்கு" என்றாய். ஆட்டோ ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்னே பிள்ளை பிறந்துவிட்டது. நீ எட்டு என்றால் அது பத்துக்கும் மேலே. இது எனக்குத்தான் தெரியும், எனக்குத் தெரிந்து என்ன பிரயோஜனம்? அந்தக் கையால்தான் என் காலைத் தேய்த்திருக்கிறாய். நான் படுத்துக்கொண்டு, "இன்னும் அழுத்தித் தேயி" என்றேன்.

மண்டியைச் செல்லப்பாண்டி பார்த்துக்கொள்வான். சனிக்கிழமை முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறுகிறேன். நான் வந்து கேட்கிறேன், கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன். அதுவரை அதனிடம் ஒரு வார்த்தை பேசாதே.

பொன்னுதுரை