பிள்ளையார் படத்துக்குப் பின்னால்

த்ரீ கிங்ஸ், ஓக்லாண்ட்
17.7.1998, வெள்ளி இரவு

அன்புள்ள வித்தியா அக்காவுக்கு,

நாங்கள் சுகம். பல்கேரியா வெயிலில் நீங்கள் நன்றாகக் கறுத்திருப்பீர்கள். இங்கே ஒரு கிழமையாக மழை. போர்வைக்குள் டோர்ச் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் குறை நினைக்க வேண்டாம்.

அக்கா, நான் பெரிய பிழை விட்டுவிட்டேன். அகழ்வு நடக்கும் இடத்திலிருந்து நீங்கள் எனக்கென்று அனுப்பிய புகைப்படம் அம்மாவிடம் அகப்பட்டுவிட்டது.

நீங்கள் பானை ஓடுகளை வரையப் போனதாகத்தான் அப்பா கோயிலில் எல்லோருக்கும் சொல்கிறார். சோதிலிங்கம் மாமா, "இஞ்சை சோறு வடிக்கத் தெரியாது, அங்கை ஆயிரம் வருசத்துச் சட்டி தேடுறாளோ" என்று பகிடி விட்டார். அப்பாவும் சிரித்தார். ஆனால் நீங்கள் வெளிக்கிடும்போது, "சவக்குழி கிண்டுற வேலையெண்டால் நீ படிச்சது காணும்" என்று சொன்னவரும் அவர்தானே. அந்தப் பயத்தில், சாமித்தட்டிலுள்ள பெரிய பிள்ளையார் படத்துக்குப் பின்னால் அதைச் செருகினேன். அதை ஒருவரும் கழற்றுவதில்லை என்று நினைத்தேன். இன்று அம்மா கழற்றித் துடைத்தா.

வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம், சாமிக்குப் பின்னால் எலும்புக்கூடு.

அம்மா படத்தோடு நிலத்தில் இருந்துவிட்டா. பின்பக்கம் நீங்கள் எழுதியதை மெல்ல வாசித்தா. நிலத்துக்குள் பாதி இறங்கிய வீடு, மூலையில் கல் அடுப்பு, நாலடி தள்ளி இந்தக் குழந்தை, கழுத்தில் மூன்று நீலக் கண்ணாடி மணிகள். வாசித்து முடித்து ஒன்றுதான் கேட்டா: "மணி பிள்ளையோடைதான் கிடக்கோ, கழட்டிப்போட்டினமோ?"

தெரியாது என்றேன். பிறகுதான் சொன்னா. எங்களுக்கு ஒரு தம்பி இருந்தானாம். சண்டையில் ஊரைவிட்டு ஓடிய வருடம், பிறந்து இருபத்திரண்டு நாள். காய்ச்சல். சின்னப் பிள்ளைகளை எரிப்பதில்லையாம்; வழியில் ஒரு தோட்டத்து வேலியோரம் அப்பாவே குழி வெட்டினாராம். கறுப்பு வளையலைக் கழற்ற அவர் விடவில்லையாம். முப்பத்தோராம் நாள்தான் பெயர் வைப்பது என்பதால் பெயரும் இல்லையாம். உங்களுக்கு அப்போது ஒன்பது வயது, நீங்கள்தான் என்னைத் தூக்கி வைத்திருந்தீர்களாம். ஏன் அக்கா ஒருநாளும் சொல்லவில்லை?

"அக்காவுக்கு எழுதிப்போடாதை, வேலை செய்யேக்கை அவளுக்குக் கை நடுங்கும்" என்று அம்மா சொன்னா. அதனால்தான் ஒளித்து எழுதுகிறேன். உங்கள் கை நடுங்காது. அந்தச் சின்ன விலா எலும்புகளில் ஒன்றுகூட அசையாமல் மண் எடுத்திருக்கிறீர்கள்.

படத்தை அம்மா கிழிக்கவில்லை. தன் கையாலேயே பிள்ளையாருக்குப் பின்னால் திரும்ப வைத்துவிட்டு விளக்கேற்றினா. ஞாயிற்றுக்கிழமை அப்பா நித்திரை விட்டு எழும்பி இருக்கும்போது தானே அவரோடு கதைக்கிறாவாம். "இவள் கிண்டாட்டி அந்தப் பிள்ளையை இனி ஆர் பாக்கிறது எண்டு கேப்பன்" என்றா. அம்மா அப்பாவை எதிர்த்துக் கதைத்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் கதைப்பா என்றுதான் நினைக்கிறேன். அப்பா இப்போது மனுரேவாவில் இரவு வேலையில். காலை ஆறரைக்குக் கார் வரும். ஒவ்வொரு கார்ச் சத்தத்துக்கும் டோர்ச்சை நூர்க்கிறேன்.

அக்கா, அம்மா தானாகக் கேட்கமாட்டா. நீங்களே அவவின் பெயருக்குத் தமிழில், பெரிய எழுத்தில் எழுதுங்கள். அந்தக் குழந்தையின் தலை எந்தப் பக்கம் இருந்தது, துணியில் சுற்றியிருந்தார்களா, மணிகள் எங்கே போகும், எல்லாம் எழுதுங்கள். நல்ல பதிலாக இல்லாவிட்டாலும் எழுதுங்கள்.

படத்தில் குழந்தையின் கால்மாட்டில் 14 என்று குழியின் இலக்கம் எழுதிய ஒரு பலகை இருக்கிறது. எங்கள் தம்பிக்கு அதுவும் இல்லை. தொப்பி போடுங்கள், தண்ணீர் குடியுங்கள், வேலை முடித்துச் சுகமாக வந்து சேருங்கள். பதினான்கின் மணிகளை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள்.

அன்புத் தங்கை,
பிரணவி