பிரேக் இல்லாத பக்கம்

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலமாக இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் 'பிஸி' என்று ஒற்றை வார்த்தையில் மெசேஜ் வரும் என்பதால், நன்றாகத்தான் இருப்பாய் என்று நானே முடிவு செய்துகொண்டு மேலே எழுதுகிறேன். போனை எடுக்காத பெண்ணுக்குப் பார்சல்தான் வழி. பெட்டியில் உன் கறுப்பு ஷூவும் நீலக் கோட்டும் இருக்கின்றன, கோட்டில் ஊசலாடிக்கொண்டிருந்த பட்டனைக் கெட்டியாகத் தைத்துவிட்டேன், இடுப்பிலும் கொஞ்சம் பிடித்திருக்கிறேன், நீ இளைத்துப்போய்விட்டாய் என்று உன் சித்தி சொன்னாள். வியாழக்கிழமை அந்தப் புது ஆபீஸ் இன்டர்வியூவுக்குப் போட்டுக்கொள். ஆமாம்டி, வியாழக்கிழமை விஷயம் எனக்குத் தெரியும். அம்மாவிடம் சொன்னால் அப்பாவிடம் சொன்ன மாதிரிதான், இரண்டு பேரிடமும் மூச்சு விடாதே என்று சித்தியிடம் சத்தியம் வாங்கினாயாமே, அவள் வயிற்றில் எது தங்கியிருக்கிறது இது தங்குவதற்கு? இங்கே சாப்பிட வந்தவள் முதல் வாய் உள்ளே போவதற்குள் கொட்டிவிட்டாள், கொட்டிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். உங்கப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

இது உங்கப்பாவுக்கு வக்காலத்து வாங்குகிற கடிதம் என்று நினைத்து மூலையில் வீசிவிடாதே. நீ கோபப்பட்டது நியாயம்தான். போன தடவை அந்தச் சாலை வடிவமைக்கிற ஆபீசில் இன்டர்ன்ஷிப்புக்குப் பேசிவிட்டு வந்து பதிலுக்காகக் காத்துக்கிடந்தாய், வகுப்பில் எல்லோருக்கும் இடம் கிடைத்துவிட்டது, நான் ஒருத்திதான் பாக்கி, இந்த வருஷம் பயிற்சி முடிக்காவிட்டால் கடைசி வருஷத்துக்குள் விடமாட்டார்கள் என்று தினமும் போனில் அழுதாய். நான் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன், அவருக்குத்தான் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. என்னிடம்கூடச் சொல்லாமல் எங்கேயோ தேடி நம்பரைப் பிடித்து அந்த ஆபீசுக்கே போன் போட்டு, "எங்க பொண்ணு கொஞ்சம் கூச்ச சுபாவம் மேடம், முதல் தடவையில வாயைத் திறக்க மாட்டா, இன்னொரு தடவை கூப்பிட்டுக் கேட்டுப் பாருங்க, வேலையில தங்கம்" என்று சொல்லியிருக்கிறார். அந்த மேடம் மரியாதையாகப் பேசினார்களாம், அதில் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை, வீட்டுக்கு வந்து நமட்டுச் சிரிப்பு சிரித்துக்கொண்டே இருந்தார். மறுநாள் உனக்கு இடம் இல்லை என்று மெயில் வந்தது, கூடவே இனிமேல் விசாரிப்பதாக இருந்தால் நீங்களே விசாரியுங்கள், அப்பாவை விட்டுப் பேச வைக்காதீர்கள் என்று ஒரு வரி. அதைப் படித்துவிட்டு நீ போனில் "நான் என்ன எல்கேஜி புள்ளையாப்பா?" என்று கத்தியது சமையலறை வரைக்கும் கேட்டது. நீ வைத்த பிறகு என் பங்குக்கு நானும் கத்தினேன். அவர் போன் பண்ணாமல் இருந்திருந்தால் கிடைத்திருக்குமா என்று யாருக்கும் தெரியாது, ஆனால் பேசவேண்டியது உன் வாய், அவர் வாய் இல்லை.

அவர் காலைப் பற்றி உனக்குத் தெரியாததா? நம் டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லிக்கொடுக்க அவர் உட்காருகிற பக்கமும் ஒரு பிரேக் இருக்கிறதல்லவா, அதில் பழகிய அந்தக் கால் இப்போது எந்தக் காரில் ஏறினாலும் தரையை மிதிக்கிறது. போன வாரம் எனக்குப் பல்வலி, எதிர்வீட்டுக்காரர் பாவம் என்று தன் காரில் அழைத்துப்போனார். முன்னால் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு சந்திப்பிலும் உங்கப்பா மிதித்த மிதியில் கால் விரிப்பு சுருண்டுவிட்டது. எதிர்வீட்டுக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "பல்வலி உங்களுக்கா சார், அவங்களுக்கா?" என்று கேட்டார். வலியோடு வலியாக எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

இன்னொரு சேதி. நம் ஸ்கூலில் ஒரு ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ் சேர்ந்திருக்கிறார் என்று சொன்னேனே, இண்டிகேட்டர் போடச் சொன்னால் வைப்பரைப் போடுவாரே, அந்த அம்மா ஒருவழியாக டெஸ்ட்டில் பாஸ். டெஸ்ட் அன்றைக்கு முன் சீட்டில் அதிகாரி உட்காருவார், உங்கப்பா பின்னால் போய்விட வேண்டும், அது உனக்கும் தெரியும். அந்த அம்மா ஸ்கூல் ஆபீசில் என் மேஜைக்கு வந்து, "உங்க வீட்டுக்காரர் பின்னாடி இருக்காரான்னே தெரியலைம்மா, மூச்சு விடற சத்தம்கூட இல்லை, அதனாலதான் தைரியமா ஓட்டினேன்" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார். சாயங்காலம் ஆபீசைப் பூட்டப் போகிறேன், உங்கப்பா பாடம் நடத்துகிற, சாலைச் சந்திப்பு வரைந்த பலகைக்கு முன்னால் நின்றுகொண்டு, அதில் வைத்திருக்கிற, நீ சின்னப் பிள்ளையில் மோதி மோதி விளையாடிய பொம்மைக் கார்களை ஒவ்வொன்றாக ஓரம் கட்டிக்கொண்டிருந்தார். நான் சாவியை ஆட்டினேன். திரும்பாமலே சொன்னார், "டெஸ்ட்னா என்னைப் பின்னாடி போய் உட்காருன்னு சொல்லிடறாங்க. அங்க பிரேக் இல்லை, அந்தம்மா பொழைச்சாங்க. நம்ம பொண்ணு விஷயத்துல நான் எங்க உட்காரணும்னு யாரும் சொல்லலையே." யாரும் சொல்லாவிட்டால் பெண்டாட்டி சொல்கிறேன், பேசாமல் பின்னால் போங்கள் என்றேன். சரி என்று தலையாட்டினார், உங்கப்பா என் பேச்சுக்குத் தலையாட்டியதை நீ பார்த்திருக்கிறாயா?

வியாழக்கிழமை முழுக்கத் தனக்கு வகுப்பு போட்டுக்கொண்டுவிட்டார். போனையும் என்னிடம் கொடுத்து, டிராயரில் வைத்துப் பூட்டு, நான் கேட்டாலும் தராதே என்று சொல்லியிருக்கிறார். அவரை மன்னித்துவிடு என்று நான் எழுதமாட்டேன், அது உங்கள் இரண்டு பேர் பாடு. எனக்கு நீ தெம்பாக அந்த அறைக்குள் போகவேண்டும், அவ்வளவுதான். வெறும் வயிற்றோடு போகாதே, பயத்தில் காபி காபியாகக் குடித்துவிட்டுப் போய் நடுவில் பாத்ரூம் எங்கே என்று தேடாதே. ஷூவை இன்றைக்கே போட்டு அறைக்குள் நடந்து பார், கடித்தால் குதிகாலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொள். தெரியாததைக் கேட்டால் தெரியாது என்று சொல், ஆனால் எடுத்த எடுப்பில் ஸாரி சொல்லிக்கொண்டு ஆரம்பிக்கிற பழக்கத்தை விடு. உன் அலைச்சலைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது கண்ணு, எத்தனை இடத்தில் வேண்டாம் என்றார்கள், மறுபடி மறுபடி எழுதிப் போட்டுக்கொண்டே இருக்கிறாயே, அந்த நெஞ்சழுத்தம் எனக்கு இருந்ததில்லை. இதுவும் கிடைக்கவில்லை என்றால் அடுத்ததைப் பார்ப்போம், அதற்காக உன்னை யாரும் குறைவாக நினைக்கப்போவதில்லை.

முடிந்ததும் எனக்கு ஒரு போன், நல்லதோ கெட்டதோ. ஆபீஸ் நம்பருக்குப் போடு, அவர் அந்தப் பக்கம் போகிற மாதிரி வருகிற மாதிரி நடந்துகொண்டிருப்பார், நான் ஸ்பீக்கரில் போடமாட்டேன், நீ போடச் சொன்னால் ஒழிய. எடுத்த காரியம் கைகூடி, நீ எங்கே இருந்தாலும் நோய் நொடி இல்லாமல், வயிறாரச் சாப்பிட்டு, சிரித்த முகமாக இருக்கவேண்டும். பட்டனைத் திருகாதே, பதற்றத்தில் நீ திருகித் திருகித்தான் அது அறுகிறது.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அம்மா

பி.கு: பெட்டியை ஒட்டுகிற நேரத்தில் கீழே ஒரு வரிக்கு இடம் விடச் சொல்லி உங்கப்பா பேனாவை வாங்கிக்கொண்டார்.

பாப்பா, வியாழக்கிழமை நீ ஓட்டு. நான் பின் சீட்டுக்குப் போயிட்டேன். — அப்பா