நாற்பத்தொன்பது தட்டு மௌனம்

ஜூன் 3, செவ்வாய்

பதினாறு மைக்கையும் துடைத்து வைத்தேன். சனிக்கிழமை அண்ணன் குழுவின் கச்சேரி. நேரடிப் பதிவு என் பொறுப்பு. கிறிஸ்தவப் பாட்டு என்றால் நாலு நிமிடம், கைத்தட்டல், முடிந்தது என்று நினைப்பவர்கள் இவர்களைக் கேட்டதில்லை. உலகம் படைக்கப்பட்ட கதையை ஏழு தட்டுத் தாளத்தில் இருபத்து நான்கு நிமிடம் பாடி வாசிக்கிறார்கள், எலெக்ட்ரிக் கிடாரும் கீபோர்டும் ஒன்றையொன்று துரத்த. ஏழாம் நாள் ஆண்டவர் ஓய்ந்திருந்தார் அல்லவா, அங்கே இவர்களும் ஓய்ந்துவிடுவார்கள். ஏழேழு நாற்பத்தொன்பது தட்டு மௌனம். அதை யாரும் எண்ணக் கூடாதாம்! ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டு நாலு பேரும் ஒன்றாக நுழைய வேண்டுமாம். இந்தச் சட்டத்தைப் போட்டவர் டிரம்மர். பிழைப்புக்குக் கணக்கு வாத்தியார்.

ஜூன் 4, புதன்

அண்ணனைக் காது டாக்டரிடம் கூட்டிப் போனேன். இடது காது போய்விட்டது. வலதும் பாதிதான்.

"யார்கிட்டயும் சொல்லாத. உங்க அண்ணிகிட்டகூட."

"மூச்சு கேக்கலன்னா எப்படிண்ணா நுழைவ?"

"சனிக்கிழமை தப்பா நுழைஞ்சா விலகிடுறேன்."

பத்தொன்பது வருடமாகக் கீபோர்டைத் தவிர வேறு எதையும் உருப்படியாகத் தொட்டதில்லை அவன். விலகிவிட்டு என்ன செய்வான்?

ஜூன் 5, வியாழன்

ஒத்திகை. இரண்டு முறை தப்பாக நுழைந்தான். "இன்னொரு தடவை" என்று மட்டும் சொன்னாள் அண்ணி.

ஜூன் 7, சனி

எழுதவே கை ஓடவில்லை.

சாயங்காலம் மேடையேறும்போது பார்க்கிறேன், அண்ணன் வெறுங்காலோடு நிற்கிறான். "கரண்ட் பிடிச்சா நான்தான் பதில் சொல்லணும், ஷூவைப் போடு" என்று கத்தினேன். சிரித்துவிட்டுப் போய்விட்டான். முன்வரிசையில் ஒருவர், "செருப்பைக் கழட்டின மோசே மாதிரி பரிசுத்த பூமில நிக்கிறாரு" என்று உருகினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிறகு வாசித்தார்கள். ஒளி உண்டாகும் இடத்தில் கிடார் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறிக்கொண்டே போக, எனக்கு முதுகெல்லாம் சிலிர்த்தது. ஒலி மீட்டரில் விளக்கு எரிந்தால்தான் எதையும் நம்புகிறவள் நான். இன்று எரிந்ததா என்று பார்க்கக்கூட மறந்தேன்.

பிறகு மௌனம். நானூறு பேர், ஒரு இருமல் இல்லை. ஹெட்ஃபோனில் ஒன்றுமே இல்லை. பதிவு செத்துவிட்டது என்று பயந்து, பாடும் மைக் நான்கின் ஒலியளவையும் உச்சத்துக்கு ஏற்றித் தொலைத்தேன்! இத்தனை வருட அனுபவத்தில் இப்படி ஒரு மடத்தனம். அடுத்த கணம் நால்வரும் ஒரே இடியாக நுழைந்தார்கள். அண்ணனும்தான், மயிரிழை பிசகாமல்.

எப்படி? நிஜமாகவே எப்படி?

ஜூன் 9, திங்கள்

மறுபடி நுழையும் இடத்தில் முதல் சொல் நாலு மைக்கிலும் ஒலியளவு மிஞ்சிக் கிழிந்திருக்கிறது. என் கைங்கரியம்.

ஆனால் அதற்கு முன்னால் இருக்கும் மௌனத்தை ஒவ்வொரு மைக்காகத் தனித்தனியே கேட்டேன். பாஸ் கிடார் வாசிக்கும் அண்ணியின் மைக்கில் மெல்ல ஒரு 'டொக்'. ஏழு தட்டுக்கு ஒருமுறை. காலால் மேடைப் பலகையைத் தட்டியிருக்கிறாள். அது மைக் ஸ்டாண்டில் ஏறியிருக்கிறது. அடுத்து, கிடார் வாசிக்கும் பல் டாக்டரின் மைக். அதிலும் தட்டு, அவர் காலிலிருந்து, கொஞ்சம் கனமாக. கடைசியாக டிரம்மர். எண்ணவே கூடாது என்று சட்டம் போட்டவர், ஏழு சுற்றுக்கும் விடாமல் தட்டியிருக்கிறார்.

அண்ணன் மைக்கில் மூச்சு மட்டும்.

ஜூன் 10, செவ்வாய்

அண்ணி வந்தாள். வந்ததும் வராததுமாக, "என் கால் சத்தம் விழுந்திருந்தா அழிச்சிடு. தானா நுழைஞ்சோம்னு இருக்காரு. தெரிஞ்சா விலகிடுவாரு" என்றாள்.

"அவனுக்குக் காது கேக்கலன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நம்ம வீட்டு டிவியக் கேட்டே பக்கத்து வீட்டம்மா சீரியல் கதை முழுக்கச் சொல்றாங்க. எனக்குத் தெரியாதா? ஆனா மத்தவங்ககிட்ட சொல்லாத, விதிய மீறினது நான் ஒருத்திதான்."

மற்ற இரண்டு மைக்கையும் போட்டுக் காட்டினேன். முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அழிக்க வேண்டியதுதான். ஒரு பட்டனை அழுத்தும் வேலை. ஏன் செய்யாமல் இருக்கிறேன்?

ஜூன் 14, சனி

அண்ணனே வந்து நின்றான். வேறு வழியில்லாமல் போட்டேன். மௌனம் வந்ததும் ஸ்பீக்கர் மேல் உள்ளங்கையை வைத்தான்.

"தட்டு எங்க? அழிச்சிட்டியா?"

"...என்ன தட்டு?"

"உங்க அண்ணி தட்டினது. வியாழக்கிழமை ஒத்திகையிலயே லேசா ஷூவுல வந்துச்சு. அப்புறம் எதுக்குக் கழட்டினேன்னு நெனச்ச? நான் என்ன மோசேயா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அழிக்கவில்லைடா என்று சொல்லி, மூன்று பேருடையதையும் ஒவ்வொன்றாகச் சத்தமாக ஏற்றிப் போட்டேன். முதல் தட்டுக்குத் தலையாட்டினான். இரண்டாவதற்கு என்னைப் பார்த்தான். மூன்றாவதற்கு, "வாத்தியாருமா?" என்றான்.

ஜூலை 5, சனி

பதிவு வெளியாகிவிட்டது. மௌனத்தில் கை வைக்கவில்லை. கிழிந்த சொல்லும் அப்படியே கிடக்கிறது.

தச்சரிடம் சொல்லி ஒத்திகை அறைத் தரை முழுக்கக் காய்ந்த மரப்பலகை போட வைத்தேன். கரண்ட் பயமும் இல்லை, தட்டினால் மூலைக்கு மூலை போய்ச் சேரும். இன்று போனபோது உள்ளே வாசிப்பு ஆரம்பித்திருந்தது. கதவுக்கு வெளியே நாலு ஜோடி ஷூ. என்னுடையதையும் கழற்றி அவற்றின் பக்கத்தில் வைத்தேன்.