ஜெபத்தின் நடுவில் ஷெரின் விட்ட குறட்டை

நவம்பர் 10, ஞாயிறு

காலையில் பூசை முடிந்து, மாதா கோயிலில் இளையோர் வகுப்பு எடுத்தேன். மனக்கவலை பற்றித்தான் பேச்சு. ப்ளஸ் டூ படிக்கும் ஷெரின் மட்டும் வாயே திறக்கவில்லை. எல்லோரும் போனபிறகு என்னிடம் வந்தாள்.

"நாலு நாளா தூக்கமே இல்லக்கா. நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குது. விசுவாசம் பத்தலன்னு அம்மா திட்டுறாங்க."

அவள் தலையில் கை வைத்து ஜெபித்தேன். கொஞ்சம் நீளமாகவே. ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால், பெஞ்சில் சாய்ந்து குறட்டை விடுகிறாள்!

கதவைப் பூட்ட வந்த ஃபாதர், "இன்னா டீச்சர், என் பிரசங்கத்துலதான் தூங்குவாங்க. உன் ஜெபத்துலயுமா?" என்றார். பிறகு சத்தமில்லாமல் ஃபேனைப் போட்டுவிட்டுப் போனார்.

ஒரு மணி நேரம் கழித்து விழித்தவள் அழுதாள்.

"ராத்திரி திரும்பவும் பயம் வரும்க்கா. டாக்டர்கிட்ட போனா பாவமா?"

"பல்லு வலிச்சா போறல்ல? அது மாதிரிதாண்டி."

மாலையில் செலியமேட்டில் அவள் வீட்டுக்கே போனேன். "பைத்தியம்னு ஊரு பேசும்" என்று அவள் அம்மா டாக்டரிடம் அனுப்ப மறுத்துவிட்டார். வேறு வழியில்லாமல், நானே இரண்டு வருடம் மனநல மருத்துவரிடம் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டதைச் சொன்னேன். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீயா? ஜெபம் பண்ண ஆரம்பிச்சா நிறுத்தவே மாட்டியேம்மா!"

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"காலையில பாண்டிக்கு எத்தினி மணிக்கு பஸ்சு?"

நாளைக்குள் ஊர் முழுக்க என் கதை தெரிந்துவிடும். தெரியட்டும். ஏழு மணி பஸ்சுக்கு நானும் போக வேண்டும். கண் சொக்குகிறது.