மூடாக்கு போட ஒரு ஆள்

மார்ச் 4
அம்மா இந்த முறை குனியவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தோட்டத்து மண் வெடித்துக் கிடக்கிறது. வெயில் ஏறுவதற்குள் செடிகளைச் சுற்றி வைக்கோலும் சருகும் பரப்பி மூடாக்கு போடாவிட்டால் கத்தரியும் எலுமிச்சையும் போச்சு. ஆள் வைக்கலாமா வேண்டாமா என்று வீட்டில் ஒரே விவாதம். இத்தனை வருஷம் அம்மா தனியாகச் செய்தபோது யாரும் வாயே திறக்கவில்லை.

மார்ச் 6
செடி நர்சரியில் வேலை பார்த்த அக்கா ஒருவர் வந்தார். தோட்டத்தைப் பார்த்தார், கூலி பேசி முடித்தார். கிளம்பும்போது, "பாத்ரூம் எந்தப் பக்கம் இருக்கு?" என்று கேட்டார். அப்பாவின் முகம் சுண்டிவிட்டது. யோசித்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டார்.

கதவைச் சாத்தியதும் ஆரம்பித்தார். "இன்னைக்கு பாத்ரூமைக் கேப்பா, நாளைக்கு சோபாவுல உக்காருவா. ஆம்பளை ஆளா பாத்தா இந்தத் தொல்லையே இல்ல."

தொல்லையாம். நான் வேலை பார்க்கும் துணிக்கடையில் பெண்கள் கழிவறையைப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று சொன்னபோது இதே அப்பாதான் கொதித்தார். அது பெற்ற மகளுக்கு. மற்ற பெண்களுக்கெல்லாம் அவசரமே வராதா?

மார்ச் 7
அப்பாவோடு பேசவில்லை. அவர் கவனித்ததாகவும் தெரியவில்லை.

மார்ச் 9
அப்பா பிடித்த ஆள் வந்தார். கொஞ்ச நேரம் வைக்கோல் பரப்பினார். பிறகு எலுமிச்சைக்குப் பின்னால் போய்ச் சுவரைப் பார்த்து நின்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, அவருக்கும்தான் யாரும் கதவைக் காட்டவில்லையே. ஜன்னலில் நின்ற அப்பா சட்டென்று மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தார்.

அம்மாவும் பார்த்துவிட்டாள். மதியம் சாப்பிடும்போது, தான் உட்கார்ந்து களை எடுக்கும் இடம் அது என்றாள். மண்தானே, காய்ந்துவிடும் என்றார் அப்பா.

"அப்படியா? நாளையிலருந்து நீங்களும் அங்கேயே போங்க."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்.

மார்ச் 11
அந்த ஆள் அரைகுறையாக விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். அம்மா நர்சரி அக்காவுக்குப் போன் போட்டாள், ஸ்பீக்கரில், அப்பாவின் எதிரிலேயே.

"வரேம்மா. ஆனா பாத்ரூமுக்கு ஒவ்வொரு தடவையும் கேட்டுட்டு கைகட்டி நிக்க மாட்டேன். சரின்னா சொல்லுங்க."

அம்மா அப்பாவையே பார்த்தாள். "நான் எப்ப வேணாம்னு சொன்னேன்?" என்றார். பச்சைப் பொய். கண்கூட சிமிட்டவில்லை மனுஷன்.

மார்ச் 12
அக்கா வந்தார். மதியம் கை கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்து போனார். அவர் தோட்டத்துக்குத் திரும்பியதுதான் தாமதம், அப்பா பினாயில் பாட்டிலோடு பாத்ரூமுக்குள் நுழைந்தார். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. கத்தப் போனேன் — அம்மா கையைப் பிடித்து நிறுத்தினாள். வாசலில் நின்றபடி நிதானமாகச் சொன்னாள்:

"மூலையெல்லாம் நல்லா தேயுங்க. இவ்வளவு அக்கறை இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சு. இனிமே இது உங்க பொறுப்பு."

அப்பா பிரஷ்ஷை எடுத்து மூலையைத் தேய்க்க ஆரம்பித்தார்.

மார்ச் 20
மிச்சமிருந்த ரோஜாப் பாத்திக்கு அக்கா இன்று வந்தார். பாத்ரூம் தரை ஈரமாக இருந்தது. அவர் வருவதற்கு முன்பே அப்பா கழுவி முடித்து, கதவைத் திறந்து வைத்திருந்தார். மனம் திருந்திவிட்டார் என்றெல்லாம் நான் நம்பவில்லை.