மஸ்டர் ஆபீஸுக்குப் பின்னால் ஒரு கிணறு

போனக்காடு
9.2.2025

அன்புத் தங்கச்சி வல்லிக்கு,

அண்ணன் லிங்கம் எழுதுவது. நானும் உன் மதினி கௌசல்யாவும் சுகம். எஸ்டேட்டில் இன்னும் போன் ரேஞ்ச் இல்லை; பஸ் கண்டக்டர் ஷிபுவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நம் லயத்து வீடுகளுக்கு வரும் ஊற்று இந்த வருஷம் முன்னாலேயே வற்றிவிட்டது. பொம்பளைகள் கீழே ஓடைக்கு இறங்கிக் குடம் சுமக்கிறார்கள். கிணறு தோண்டலாம் என்று பேச்சு. பொங்கலுக்கு வந்தபோது, உங்கள் ஆபீஸில் பார்க்கிற சாட்டிலைட் நிலத்தடித் தண்ணீரையே எடை போடும் என்றாயே. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற மஸ்டர் ஆபீஸுக்குப் பின்னாலா, கோயில் பக்கமா, எங்கே தோண்ட? பார்த்துச் சொல். உன் பதிலுக்காகத்தான் எல்லாரும் காத்திருக்கிறோம்.

நீ கொண்டுபோன டிபன் கேரியரை மதினி கேட்கிறாள்.

அண்ணன்
லிங்கம்


பழவங்காடி
திருவனந்தபுரம்
13.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

டிபன் கேரியர் பத்திரம் என்று மதினியிடம் சொல்லுங்கள்.

என்னைப் படிக்க வைத்த லயம் முதல் தடவையாக என்னிடம் ஒன்று கேட்கிறது. சந்தோஷத்தில் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு சாட்டிலைட்டுகள் ஒன்றன் பின் ஒன்றாகப் பறக்கின்றன. கீழே கனமான இடம் வந்தால், முன்னால் போவதை அது கொஞ்சம் இழுக்கும். நடுவிலுள்ள இடைவெளி முடியளவுக்கும் குறைவாக மாறும். அதை வைத்துத்தான் பூமிக்குள் இருக்கும் தண்ணீரைக் கணக்கிடுகிறோம்.

ஆபீஸில் படத்தைப் பார்த்தேன். நம் மலை மேல் நல்ல நீலம். நீலம் என்றால் தண்ணீர். மஸ்டர் ஆபீஸுக்குப் பின்னாலேயே தோண்டுங்கள். நிச்சயம் வரும்.

தங்கை
செண்பகவல்லி


போனக்காடு
16.3.2025

அன்புத் தங்கச்சிக்கு,

வேலை முடிந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் லயமே சேர்ந்து தோண்டினோம். இரண்டு ஆள் ஆழத்தில் பாறை. ஈரமே இல்லை. கோயில் பக்கம் போகலாம் என்று சிலர் முனகினார்கள். "லிங்கம் தங்கச்சி மேலேருந்து பாத்துச் சொன்னதாக்கும். பாறைக்கடியில தண்ணி உண்டாவும்" என்று மாடம்மாள் சித்தி அவர்கள் வாயை அடைத்துவிட்டாள். மண்கூடை தூக்கும்போது வழுக்கி, அவளுக்குத்தான் மணிக்கட்டு முறிந்தது.

அடுத்த ஞாயிறு வெடி வைத்துப் பாறையை உடைப்பதாக இருக்கிறோம். வைக்கலாமா? ஒரு வார்த்தை எழுது.

அண்ணன்
லிங்கம்


பழவங்காடி
18.3.2025

அண்ணா,

வெடி வைக்க வேண்டாம்.

அந்தப் படத்தில் ஒரு கட்டம் திருவனந்தபுரத்திலிருந்து திருச்சி வரை வரும். அவ்வளவு நிலத்துக்கும் சேர்த்து ஒரே நீலம். அதில் நம் லயமும் தெரியாது, மஸ்டர் ஆபீஸும் தெரியாது. எழுதும்போதே எனக்கு இது தெரியும். தெரியாது என்று எழுதக் கை வரவில்லை. இதற்கா இவளைப் படிக்க வைத்தோம் என்று நினைப்பீர்களோ என்று பயந்தேன்.

சித்தி கையை நினைத்தால் சோற்றில் கை வைக்க முடியவில்லை. சாட்டிலைட்டில் கோளாறு என்று லயத்தில் எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள். நான் தெரிந்தே எழுதினேன் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

வல்லி


போனக்காடு
30.3.2025

வல்லிக்கு,

வெடி வைக்கவில்லை. நீ எழுதியபடியே சொன்னேன். யாருக்கும் கோபமில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "மெஷின் கேடாயிட்டா பாவம் அவ என்ன செய்வா? ஆபீஸ்ல அவள ஏசுவாங்களோ?" என்று கட்டுப் போட்ட கையோடு சித்தி கேட்கிறாள். நம் லயத்து எலிசாள் உனக்கென்று நல்லமிளகு காயவைத்து எடுத்து வைத்திருக்கிறாள். பிள்ளைகள் விழாமலிருக்கக் குழியைச் சுற்றி முள் அடைத்திருக்கிறோம்.

எனக்குக் கோபம் உண்டு. தினமும் இவர்களோடு மஸ்டரில் நிற்கிறவன் நான். இவர்கள் முகத்தைப் பார்த்து உனக்காக ஒரு பொய் சொன்னேன். இப்போது சித்தி, சாட்டிலைட்டை எப்போது சரி செய்வார்கள், கோயில் பக்கம் பார்த்துச் சொல்வாளா என்று கேட்கிறாள். நான் என்ன சொல்ல?

லிங்கம்


பழவங்காடி
2.4.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

சனிக்கிழமை காலை ஷிபு அண்ணன் பஸ்ஸில் வருகிறேன். தரையில் கருவி வைத்துத் தண்ணீர் பார்க்கிற ஒருவரைக் கேட்டிருக்கிறேன். வருவாரா என்று தெரியவில்லை. அவர் வராவிட்டாலும் நான் வருவேன்.

நல்லமிளகை எலிசாள் அக்கா இப்போதைக்கு உள்ளேயே வைத்திருக்கட்டும். நான் பேசி முடித்த பிறகும் தரத் தோன்றினால் தரட்டும்.

சித்தி மறுபடி கேட்டால் நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். சாட்டிலைட் என்றைக்கும் கெட்டுப்போகவில்லை என்று நானே அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறேன்.

தங்கை
செண்பகவல்லி